மடிக்கணினித் திரைப் பிரிதிறனும் இணையத்தளத் தோற்றமும்

திரைப் பிரிதிறன் என்பது ஒரு கணினித் திரையில் கிடையாகவும் நெடுக்காகவும் அமைந்துள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை ஆகும். 1366×768 எனக் குறிக்கப்படும் திரையில் ஒவ்வொரு வரிசையிலும் 1366 புள்ளிகள் வீதம் 768 வரிசைகள் உள்ளன. ஒரே இணையப்பக்கம் ஒரு மடிக்கணினியில் பெரிய எழுத்துகளுடனும், மற்றொன்றில் சிறுத்தும், இன்னொன்றில் இருபுறமும் வெற்றிடம் விட்டும் தோன்றுவதற்கு இவ்வெண்ணிக்கை முதற்காரணம் ஆகும். எனினும் அது மட்டுமே காரணம் அன்று. திரையின் அங்குல அளவு, இயங்குதளத்தின் அளவுமாற்ற அமைப்பு, உலாவியின் உருப்பெருக்கம், எழுத்துரு ஆகியனவும் இதில் பங்கு கொள்கின்றன.

தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை இது அழகு பற்றிய சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த தமிழ் எழுத்து, இலத்தீன் எழுத்தைக் காட்டிலும் அதிகப் படப்புள்ளிகளைக் கோருகிறது. ஆங்கிலப் பக்கத்திற்குப் போதுமான திரையும் எழுத்தளவும் தமிழ்ப் பக்கத்திற்குப் போதாமல் போவதுண்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் 1366×768 திரை கொண்டவை. ஆதலால் இப்பிரிதிறன் தமிழ் இணையத்தின் வாசிப்பில் தனி இடம் பெறுகிறது.

பிரிதிறனும் புள்ளி அடர்த்தியும்

பிரிதிறன் என்னும் சொல் பேச்சு வழக்கில் திரையின் தெளிவைக் குறிக்கவும் பயன்படுகிறது. தெளிவைத் தீர்மானிப்பது உண்மையில் ஓர் அங்குலத்தில் அடங்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, அதாவது புள்ளி அடர்த்தி. திரையின் மூலைவிட்டத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைப் பித்தாகரசு தேற்றத்தின்படி கண்டு, அதனை அங்குல அளவால் வகுத்தால் இது கிடைக்கும். 1366×768 திரையின் மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 1567 புள்ளிகள் உள்ளன. அதே எண்ணிக்கை 14 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு 112 ஆகவும், 15.6 அங்குலத் திரையில் 100 ஆகவும் அமையும். 1920×1080 திரை 14 அங்குலத்தில் 157 அடர்த்தி கொண்டது.

அடர்த்தி கூடினால் ஒவ்வொரு புள்ளியும் சிறிதாகும். 16 புள்ளி உயரம் எனக் குறிக்கப்பட்ட எழுத்து, 14 அங்குல 1366×768 திரையில் சுமார் 3.6 மில்லிமீட்டர் உயரத்தைப் பெறும். அதே அளவுள்ள 1920×1080 திரையில், எந்த மாற்றமும் செய்யாவிட்டால், சுமார் 2.6 மில்லிமீட்டராகக் குறையும். புதிய கணினி வாங்கியவர்கள் "எழுத்தெல்லாம் பொடியாகத் தெரிகிறது" என்று குறைகூறுவது இதனாலேயே. திரையில் குறை ஏதும் இல்லை. அதே எண்ணிக்கையிலான புள்ளிகள் சிறிய இடத்தில் அடங்கிவிட்டன, அவ்வளவே.

இணையத்தளம் காணும் திரை

இக்குறையைப் போக்க இயங்குதளங்கள் அளவுமாற்றம் என்னும் வசதியைத் தருகின்றன. விண்டோசில் இது 100%, 125%, 150% என்றவாறு அமைந்திருக்கும். 125% எனத் தெரிவு செய்தால் எழுத்து, பொத்தான், படம் அனைத்தும் கால் பங்கு பெரிதாகும். ஆனால் திரையில் உள்ள புள்ளிகள் கூடிவிடுவதில்லை. ஆகவே இணையப்பக்கம் பரவுவதற்குக் கிடைக்கும் இடம் அதே விகிதத்தில் சுருங்குகிறது.

இங்கு இரண்டு வகைப் புள்ளிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, திரையில் உண்மையாகவே ஒளிரும் வன்பொருட் புள்ளி. மற்றொன்று, சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் மொழியில் அளவைக் குறிக்கப் பயன்படும் புள்ளி. பின்னது ஓர் அளவு அலகு மட்டுமே. அங்குலத்திற்கு 96 புள்ளி கொண்ட திரையைக் கை நீளத் தொலைவில் இருந்து பார்க்கும்போது ஒரு புள்ளி கண்ணில் எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ, அதுவே இவ்வலகின் அடிப்படை. இணையத்தளம் அறிவது இவ்வலகை மட்டுமே. 1920×1080 திரை 125% அளவுமாற்றத்தில் இருந்தால், தளத்திற்கு அது 1536×864 திரையாகவே தெரியும். 150% எனில் 1280×720. தளங்களின் வருகைக் கணக்கேடுகளில் 1536×864 என்னும் அளவு பெருமளவில் காணப்படுவது இதனால்தான். கடைகளில் அந்த அளவுள்ள மடிக்கணினியைத் தேடினால் கிடைக்காது.

ஆப்பிள் நிறுவனம் 2012 ஜூனில் வெளியிட்ட 15 அங்குல ரெட்டினா மடிக்கணினி 2880×1800 புள்ளிகள் கொண்டது. அது தளங்களுக்குத் தன்னை 1440×900 எனக் காட்டியது. ஒவ்வோர் அலகுப் புள்ளியும் நான்கு வன்பொருட் புள்ளிகளால் வரையப்பட்டதால் எழுத்து அச்சிட்டது போல் தோன்றியது. பக்கத்தின் பரப்போ, எழுத்தின் அளவோ அதனால் மாறவில்லை.

உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. 1366 புள்ளி அகலத் திரையில் 125% பெரிதாக்கினால் தளத்திற்கு 1093 புள்ளி அகலமே மிஞ்சும். சில தளங்கள் இதனைக் கண்டு, பயனர் கைக்கணினியில் பார்க்கிறார் எனக் கருதிப் பட்டியலை மடித்து ஒளித்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கிய மாணவர் "பட்டியல் எங்கே போயிற்று" எனத் தேடுவதற்கு இதுவே காரணம்.

நிலையான அகலங்களின் காலம்

ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறை 640×480 பிரிதிறனைப் பரவலாக்கியது. பின்னர் 800×600, அதன் பின் 1024×768 பொதுவாயின. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் திரைகளின் வகை குறைவாக இருந்தமையால், தள வடிவமைப்பாளர்கள் ஓர் அகலத்தைத் தேர்ந்து அதற்கேற்பப் பக்கத்தை அட்டவணைகளால் கட்டினர். 800×600 திரைக்கு 760 முதல் 780 புள்ளி வரையும், 1024×768 திரைக்கு 960 புள்ளியும் வழக்கமான அகலங்கள். "1024×768 பிரிதிறனில் சிறப்பாகக் காணலாம்" என்னும் அறிவிப்பை இந்திய அரசுத் தளங்கள் பலவற்றின் அடியில் நெடுங்காலம் காண முடிந்தது. திரைக்கேற்பப் பக்கம் அமைவதை விட்டு, பக்கத்திற்கேற்பத் திரையை மாற்றுமாறு பயனரைக் கேட்டுக்கொண்ட அறிவிப்பு அது.

960 புள்ளி அகலப் பக்கம் 1366 அகலத் திரையில் நடுவில் நிற்கும். இருபுறமும் ஏறத்தாழ 200 புள்ளி வெற்றிடம் விழும். அளவுமாற்றம் செய்யாத 1920 அகலத் திரையிலோ சரிபாதி வெற்றிடமாகும். மாறாக, அகலத்தை விழுக்காட்டில் குறித்த நெகிழ் பக்கங்கள் திரை முழுவதும் பரவும். அவற்றில் வரி மிக நீண்டு, ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடி அலையும். விக்கிப்பீடியா நீண்ட காலம் இவ்வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் வந்த வெக்டர் 2022 தோற்றத்தில் வரியின் அகலத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023 சனவரியில் அது இயல்பிருப்பானபோது, இடம் வீணாகிறது என்று எதிர்ப்பும் எழுந்தது.

தமிழ் எழுத்தும் படப்புள்ளிகளும்

ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமானால், இருபுறமும் கோடும் நடுவில் வெற்றிடமும் வேண்டும். ஆகக் குறைந்தது மூன்று புள்ளி அகலமும் மூன்று புள்ளி உயரமும் தேவை. இக்கணக்கைத் தமிழ் நெடுங்கணக்கின் மீது வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். இரண்டு சுழி னகரத்திற்கும் மூன்று சுழி ணகரத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சுழி. 12 புள்ளி உயரத்தில் எழுதப்பட்ட பக்கத்தில் அச்சுழி அடைபட்டுப் போனால் மனம் எது, மணம் எது, ஆனி எது, ஆணி எது எனச் சூழலைக் கொண்டே ஊகிக்க வேண்டும். தடித்த எழுத்தில் நிலைமை மேலும் மோசமாகும். கோடு இரண்டு புள்ளி தடிப்பை எடுத்துக்கொள்வதால் சுழியின் உள்ளிடம் மறைந்து கறுப்புத் திட்டாக நிற்கும். ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்ற சாய்வெழுத்தும் தமிழில் பயன் தருவதில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியான சாய்வு வடிவம் இல்லாததால், கணினி நேரெழுத்தைச் சரித்துக் காட்டுகிறது. செங்குத்துக் கோடுகள் படிக்கட்டுகளாக உடைகின்றன.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. கெட்டான் என்பதும் கேட்டான் என்பதும் கொம்பின் மேற்சுழி ஒன்றினாலேயே பிரிகின்றன. பழங்காலத்தில் எகர ஒகரக் குறில்கள் மேலே புள்ளியிட்டு வேறுபடுத்தப்பட்டன. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். படிப்போர் தாமே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கினார் என்பது மரபு. ஓலையில் எழுத்தாணி விட்ட புள்ளியைக் குறைந்த பிரிதிறன் திரையும் விட்டுவிடுகிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி சிறிய எழுத்தளவில் ஒரே ஒரு படப்புள்ளியாகச் சுருங்கும். மங்கிய சாம்பல் நிறத்தில் எழுதும் இக்கால வழக்கமும் சேர்ந்தால் அது கண்ணுக்குப் படாமலே போகலாம்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கிளியர்டைப் நுட்பம் இதற்கு ஓரளவு தீர்வு தந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகளால் ஆனது. அக்கீற்றுகளைத் தனித்தனியே இயக்கினால் கிடைத்திசையில் பிரிதிறன் கூடியது போன்ற விளைவு கிடைக்கும். 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இவ்வசதி இருந்தும் இயல்பாக இயங்கவில்லை. விஸ்டா முதலே அது இயல்பாக்கப்பட்டது. கீற்றுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டுள்ளதால் இந்நுட்பம் அகலத்திற்கே உதவும். இலத்தீன் எழுத்திற்கு இது பொருந்தும். ஏனெனில் அதன் வேறுபாடுகள் பெரும்பாலும் செங்குத்துக் கோடுகளில் உள்ளன. தமிழில் இகர ஈகார விசிறிகள் எழுத்தின் தலையிலும், உகர ஊகாரக் குறிகள் காலிலும் வருகின்றன. நெடுக்குத் திசையில் தேவைப்படும் நுணுக்கத்தை இந்நுட்பம் தரவில்லை.

எழுத்துருவின் பங்கும் பெரிது. விண்டோஸ் 2000 முதல் வழங்கப்பட்ட லதா, அகலமான எழுத்துகளைக் கொண்டது. விண்டோஸ் 8 உடன் வந்த நிர்மலா யு.ஐ. வேறு அளவுகளைக் கொண்டது. லினக்சு வழங்கல்களில் லோகித் தமிழ் பரவலாகப் பயன்பட்டது. பக்கத்தில் எழுத்துரு குறிக்கப்படாவிட்டால், ஒரே பிரிதிறன் கொண்ட இரு கணினிகளிலும் வரிகள் வெவ்வேறு இடங்களில் முறியும். தலைப்புப் பட்டியல் ஒன்றில் ஒரே வரியிலும் மற்றொன்றில் இரு வரியிலும் நிற்கும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் பல்வேறு குறியாக்கங்களையும், பக்கத்துடன் தாமே இறங்கும் இயங்கு எழுத்துருக்களையும் பயன்படுத்தின. பயனரின் கணினியில் எழுத்துரு இருக்குமா என்னும் ஐயத்தினால், தலைப்புகளைப் படமாக வரைந்து ஏற்றுவதும் வழக்கமாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னரும் அத்தகைய படத் தலைப்புகள் பல எஞ்சின. அளவுமாற்றம் செய்யப்பட்ட திரையில் எழுத்து கூர்மையாக மறுபடி வரையப்படுகிறது. படமோ இழுத்துப் பெரிதாக்கப்பட்டுக் கலங்கித் தெரிகிறது. ஆகவே பழைய தளங்களில் செய்தி தெளிவாகவும் தலைப்பு மங்கலாகவும் தோன்றும் விந்தையைக் காணலாம்.

768 வரிசைகள்

2000களின் பிற்பகுதி வரை மடிக்கணினிகளில் 1280×800 என்னும் 16:10 விகிதத் திரை பரவலாக இருந்தது. தொலைக்காட்சிக்குரிய 16:9 விகிதத்திற்குத் திரை உற்பத்தி மாறியபோது அவ்விடத்தை 1366×768 பிடித்தது. 768 வரிசைகளுக்கு 16:9 விகிதத்தில் அகலம் 1365.33 ஆகும். அது 1366 என முழுமையாக்கப்பட்டமையே இந்த விந்தையான எண்ணின் பிறப்பு. அகலத்தில் 86 புள்ளி கூடியது, உயரத்தில் 32 குறைந்தது. திரைப்படம் பார்ப்பவர்களுக்கு இது நன்மை. மேலிருந்து கீழாகப் படிக்கும் இணையப்பக்கத்திற்கு இழப்பு.

அந்த 768 வரிசைகளும் பக்கத்திற்குக் கிடைப்பதில்லை. விண்டோஸ் 7 இன் பணிப்பட்டை 40 வரிசைகளை எடுத்துக்கொள்ளும். உலாவியின் தாவல்களும் முகவரிப் பட்டையும், கூடுதல் கருவிப்பட்டைகளைப் பொறுத்து, 80 முதல் 120 வரை எடுக்கும். மிஞ்சுவது 610 முதல் 650 வரை. 16 புள்ளி ஆங்கில எழுத்திற்கு 22 புள்ளி வரி உயரம் போதும். 650 வரிசைகளில் 29 வரிகள் அடங்கும். மேலும் கீழும் குறிகள் கொண்ட தமிழுக்கு 27 புள்ளி வரி உயரம் கொடுத்தால் 24 வரிகளே அடங்கும். நகராமல் மேலே ஒட்டிக்கொள்ளும் 100 புள்ளிப் பதாகை ஒன்று இருந்தால் 20 வரிகள். ஆங்கில வார்ப்புருவை அப்படியே எடுத்து வரி உயரத்தை மாற்றாமல் விட்ட தளங்களில், மேல் வரியின் ஊகாரக் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் ஈகார விசிறியும் முட்டிக்கொள்ளும்.

2007 இல் வந்த ஆசூசு ஈ பிசி 7 அங்குலத்தில் 800×480 திரை கொண்டது. அதன் பின் வந்த நெட்புக் எனப்பட்ட சிறு மடிக்கணினிகள் பெரும்பாலும் 1024×600. அவற்றில் இக்குறை இன்னும் கடுமையானது.

விண்ணப்பப் படிவங்களில் இதன் விளைவு நேரடியானது. திரையின் நடுவில் எழும்பும் சிறு சாளரத்தின் உயரம் 700 புள்ளி என நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தால், 768 வரிசைத் திரையில் அதன் அடியிலுள்ள சமர்ப்பிக்கும் பொத்தான் பார்வைக்கு வெளியே போய்விடும். சாளரம் உருளாததாகவும் இருந்தால் பயனருக்கு வழி அடைபடும். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெற்று வருகிறது. உதவித்தொகை, தேர்வு, வேலைவாய்ப்பு விண்ணப்பங்களும் இணையத்திற்கு மாறிவிட்டன. இறுதி நாளில் பொத்தானைக் காணாத மாணவர் கண்ட்ரோல் விசையுடன் கழித்தல் குறியை அழுத்தி 80% ஆகக் குறைத்தால், 650 வரிசைகள் 812 ஆக விரிந்து பொத்தான் வெளிப்படும். எப் 11 விசையால் முழுத்திரையாக்கினால் பணிப்பட்டையும் உலாவிப் பட்டைகளும் மறைந்து 768 வரிசைகளும் கிடைக்கும். இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம்

இத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களும், கல்லூரி மற்றும் பல்தொழில்நுட்பப் பயிலக மாணவர்களும் பயன்பெற்றனர். எல்காட் நிறுவனம் வழியே கணினிகள் கொள்முதல் செய்யப்பட்டன. 14 அங்குலத் திரையும் 1366×768 பிரிதிறனும் கொண்டிருந்த இவற்றின் தொடக்கத் தொகுதிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இரட்டைத் தொடக்க முறையில் நிறுவப்பட்டிருந்தன. ஒரே திரையில் இருவகை எழுத்துருக்களில் ஒரே தமிழ்ப் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இதனால் மாணவர்களுக்குக் கிட்டியது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியோர் சிலரே எனலாம்.

அடுத்த ஆண்டுகளில் தயாரிப்பு நிறுவனங்களும் இயங்குதளமும் மாறினாலும் 14 அங்குல 1366×768 திரையே தொடர்ந்தது. பல ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. சந்தையில் 1920×1080 பரவிய பின்னரும் ஒரு தலைமுறை மாணவர்களின் கையில் 768 வரிசைத் திரை இருந்ததற்கு இத்திட்டம் முக்கியக் காரணம். திரையின் பிரிதிறனைக் காரணம் காட்டித் திட்டத்தைக் குறைகூறுவது பொருந்தாது. அவ்விலையில் அக்காலத்தில் கிடைத்த வழக்கமான திரை அதுவே. குறை இருந்தது, வேறு திரைகளில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிடப்பட்ட தமிழ்ப் பக்கங்களில்தான்.

திட்டம் தொடங்கிய அதே மாவட்டத்தின் வடகிழக்கில், சென்னை – கூடூர் இருப்புப்பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே கவரைப்பேட்டை அமைந்துள்ளது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகமும், கவரைப்பேட்டையில் 1995 இல் தொடங்கப்பட்ட ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரியும் உள்ளன. பள்ளியில் பெற்ற 1366×768 கணினியும், கல்லூரிக்காகவோ வேலைக்காகவோ வாங்கிய 1920×1080 கணினியும் ஒரே வீட்டில் அருகருகே இருக்கக்கூடிய பகுதி இது. இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்தால், முன்னதில் எழுத்து பெரிதாகவும் சொரசொரப்பாகவும், பின்னதில் அளவுமாற்றத்தைப் பொறுத்து நேர்த்தியாகவும் தோன்றும்.

2018 முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் புதிய பாடநூல்கள் இணையத்தில் பி.டி.எப். கோப்புகளாகவும் கிடைக்கின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தகைய கோப்புகளின் தேவை பெருகியது. பி.டி.எப். பக்கம் இணையப்பக்கம் போல் திரைக்கேற்ப வரிகளை மாற்றி அமைக்காது. ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம். முழுப்பக்கத்தையும் 650 வரிசைகளில் அடக்கினால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 56 புள்ளிகளே கிடைக்கும். 10 பாயிண்டு எழுத்து 8 புள்ளிக்கும் குறைவான உயரத்தில் வரையப்படும். ணகரம் அங்கே பிழைப்பது அரிது. பக்க அகலத்தைத் திரை அகலத்துடன் பொருத்தினால் அதே எழுத்து 22 புள்ளி உயரம் பெறும். ஒரு பக்கத்தைப் படிக்க மூன்று முறை உருட்ட வேண்டும் என்றாலும் கண்ணுக்கு அதுவே ஏற்றது.

தகவமை வடிவமைப்பு

அமெரிக்க வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010 மே மாதம் எழுதிய கட்டுரையில் ரெஸ்பான்சிவ் எனப்படும் தகவமை வடிவமைப்பை முன்வைத்தார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், ஊடக வினவல் ஆகிய மூன்றின் சேர்க்கை அது. ஊடக வினவல் என்பது, கிடைக்கும் அகலம் இவ்வளவுக்குக் குறைந்தால் இவ்வாறு அமைக என்று பாணித்தாளில் எழுதும் விதி ஆகும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2012 ஜூனில் இதனைப் பரிந்துரையாக ஏற்றது.

இம்முறையிலும் தமிழுக்கெனச் சில கவனங்கள் தேவை. முறிவு அகலங்கள் பொதுவாக ஆங்கிலச் சொற்களை வைத்து முடிவு செய்யப்படுகின்றன. நான்கைந்து எழுத்தில் முடியும் ஆங்கிலப் பொத்தானுக்கு ஈடாகத் தமிழில் "பதிவிறக்கம் செய்க" என்றோ "உள்நுழைக" என்றோ வரும்போது இடம் போதாது. விகுதிகள் ஒட்டி நீளும் மொழியாதலால் "தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான" போன்ற ஒரே சொல் குறுகிய பத்தியின் விளிம்பைத் தாண்டி நிற்கும். முறிவுகளைப் புள்ளியில் குறிக்காமல் எழுத்தளவின் மடங்காகக் குறித்தால், பயனர் எழுத்தைப் பெரிதாக்கும்போது பக்கமும் உடன் இசையும். உடல் எழுத்தை 16 புள்ளிக்குக் குறையாமலும், வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறையாமலும் வைப்பது 1366×768 திரையில் தமிழுக்குப் பொருத்தமாக இருக்கும்.

பிரிதிறனைக் குறைத்தல்

எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்பதற்காகத் திரையின் பிரிதிறனையே குறைத்து வைப்பது பரவலான பழக்கம். பழைய குழல் திரைகளுக்கு நிலையான புள்ளிகள் இல்லாததால் அங்கு இது பெரும் தீங்கு செய்யவில்லை. மடிக்கணினியின் திரவப்படிகத் திரையில் புள்ளிகள் வன்பொருளாகவே பதிந்துள்ளன. 1366 அகலத் திரையை 1024×768 எனத் திரை முழுவதும் நிரப்பி அமைத்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு புள்ளியின் மீது பரவ வேண்டும். அவ்வாறு பங்கிட இயலாததால் கோடுகள் சில தடித்தும் சில மங்கியும் விழும். எழுத்துகள் பக்கவாட்டில் மட்டும் பருத்துத் தோன்றும். நெடுக்கில் ஒரு வரிசைகூடக் கூடுவதில்லை. தமிழ்ப் பக்கத்திற்கு இது இருமடங்கு இழப்பு. திரையை அதன் இயற்கைப் பிரிதிறனில் வைத்து, இயங்குதளத்தின் அளவுமாற்றத்தையோ உலாவியின் உருப்பெருக்கத்தையோ பயன்படுத்துவதே முறையாகும். விண்டோசின் திரை அமைப்புகளில் இயற்கைப் பிரிதிறன் "பரிந்துரைக்கப்படுகிறது" என்ற குறிப்புடன் காட்டப்படும்.

2020 முதல் 16:10 விகிதத் திரைகள் மடிக்கணினிகளில் மீண்டும் வரத் தொடங்கின. 1920×1200 திரை 125% அளவுமாற்றத்தில் தளங்களுக்கு 1536×960 எனத் தெரியும். 1920×1080 திரையைவிட இது 96 வரிசைகள் அதிகம். 27 புள்ளி வரி உயரத்தில் மூன்று தமிழ் வரிகளும் நான்காவதன் பாதியும் அதில் அடங்கும்.